கூரை, காற்று, முற்றம்: வெப்பமண்டல வீட்டுக்கு ஓர் அறிமுகம்

வீடு கட்டத் தொடங்கும் பலர் இன்று தங்கள் பொறியாளரிடம் "கொஞ்சம் பாரம்பரியமாக இருக்கட்டும்" என்று சொல்கிறார்கள். முகப்பில் இரண்டு மரத்தூண்கள், சாய்வான கான்கிரீட் தளத்தின்மேல் ஒட்டிய சீமை ஓடு, நடுக்கூடத்தில் கண்ணாடி போட்டு மூடிய ஒரு முற்றம் ஆகியவற்றோடு வீடு எழுகிறது. பார்க்க அழகாகவே இருக்கிறது. ஆனால் ஏப்ரல் பிறந்ததும் அந்த வீட்டின் எல்லா அறைகளிலும் ஏசி ஓடத் தொடங்குகிறது. பழைய வீட்டின் உறுப்புகள் வந்து சேர்ந்தன. அந்த உறுப்புகள் ஒவ்வொன்றும் எந்த வேலைக்காக இருந்தனவோ அந்த வேலை மட்டும் வரவில்லை என்பதே இதற்குக் காரணம்.

வெப்பமண்டல வீடு என்பது ஒரு தோற்றத்தின் பெயராக இன்று புழங்குகிறது. உண்மையில் அது ஓரிடத்தின் வெயில், காற்று, ஈரம், மழை ஆகிய நான்கையும், அங்கே வாழும் குடும்பத்தின் பழக்கவழக்கங்களையும் ஒருசேரக் கணக்கில் எடுத்துக்கொண்டு வீட்டைத் திட்டமிடும் முறை. அந்த முறையை முதன்முதலாக அறிய விரும்புபவர்களுக்காக, நாம் நன்கு அறிந்த தமிழ்நாட்டு வீடுகளையும் அவற்றின் அண்டை நிலங்களான கேரளம், இலங்கை ஆகியவற்றின் வீடுகளையும் கொண்டு இங்கே விளக்கம் தரப்படுகிறது.

வெயில் விழும் திசை

கடகரேகைக்கும் மகரரேகைக்கும் இடைப்பட்ட பகுதியே வெப்பமண்டலம். இங்கே ஆண்டுக்கு இரண்டு முறை நண்பகல் சூரியன் நேர் தலைக்குமேல் வந்து நிற்கிறது. ஏறத்தாழ 13 பாகை வட அட்சரேகையில் உள்ள சென்னைக்கு அது ஏப்ரல் மாதப் பிற்பகுதியிலும் ஆகஸ்ட் மாத நடுப்பகுதியிலும் நிகழ்கிறது. இவ்விரண்டு நாள்களுக்கும் இடையில் நண்பகல் சூரியன் சற்று வடக்கே சாய்ந்திருக்கிறது. ஜூன் 21 அன்று அந்தச் சாய்வு ஏறத்தாழ பத்துப் பாகைதான். டிசம்பர் 21 அன்று அது தெற்கே ஏறத்தாழ 36 பாகை சாய்கிறது.

இந்த எண்கள் வீடு கட்டுபவருக்கு நேரடியாகப் பயன்படக்கூடியவை. வடக்குச் சுவரில் உள்ள நான்கடி உயரச் சன்னலை ஜூன் மாத நண்பகல் வெயிலிலிருந்து முழுவதும் மறைக்க முக்கால் அடி அகலமுள்ள சன்ஷேடு போதும். தெற்குச் சுவரில் அதே உயரச் சன்னலை டிசம்பர் நண்பகலில் மறைக்க மூன்றடி வேண்டும். ஆனால் டிசம்பர் வெயிலை யாரும் அவ்வளவாக வெறுப்பதில்லை என்பதால் இரண்டடியோடு நிறுத்திக்கொண்டாலும் குறையில்லை. சிக்கல் மேற்கில்தான் இருக்கிறது. மாலை நான்கரை மணிக்குச் சூரியன் தாழ்ந்து வந்து சுவரையும் சன்னலையும் ஏறக்குறைய நேருக்கு நேர் தாக்குகிறது. அந்த வெயிலை மேலிருந்து நீட்டிய ஒரு பலகையால் தடுக்க வேண்டுமென்றால் அந்தப் பலகை எட்டடி, ஒன்பதடி நீள வேண்டும். அத்தனை அகலச் சன்ஷேட்டை யாரும் போடுவதில்லை. ஆனால் எட்டடி அகலத் தாழ்வாரத்தை நம் முன்னோர் போட்டார்கள். மேற்கிலும் கிழக்கிலும் தாழ்வாரமோ, மரமோ, தட்டியோ, அடுத்த வீட்டின் சுவரோ நிற்க வேண்டும் என்பதும், சன்னல்களை இயன்றவரை வடக்கிலும் தெற்கிலும் வைத்துக்கொள்ள வேண்டும் என்பதும் வெப்பமண்டல வீட்டின் முதற்பாடம்.

கிழக்கு மேற்காக ஓடும் அக்கிரகாரத் தெருக்களில் இந்தப் பாடம் தெருவின் அமைப்பிலேயே இருக்கிறது. வீடுகள் வடக்கு அல்லது தெற்கு நோக்கி நிற்கின்றன. ஒரு வீட்டின் கிழக்கு, மேற்குச் சுவர்கள் அண்டை வீடுகளோடு பொதுச்சுவராக ஒட்டிக்கொண்டிருப்பதால் அவற்றின்மேல் வெயில் படுவதே இல்லை. நாலாபுறமும் இடைவெளி விட்டுத் தனித்து நிற்கும் இன்றைய வீடு நான்கு சுவர்களிலும் வெயில் வாங்குகிறது. அக்கிரகார வீடு முன்னும் பின்னும் மட்டுமே வாங்குகிறது. அகலம் குறைந்து நீளம் மிகுந்த அந்த வீட்டுக்குள் வெளிச்சமும் காற்றும் வருவதற்கு மித்தம் என்னும் திறந்த நடுப்பகுதி தேவைப்பட்டது. பொதுச்சுவரையும் மித்தத்தையும் பிரித்துப் பார்க்க இயலாது: ஒன்று இருந்ததால் மற்றது வேண்டியிருந்தது. தனிமனையில் நாற்புறமும் சன்னல் வைத்துக் கட்டிவிட்டு நடுவில் ஒரு முற்றமும் கேட்பவர்கள் இதை ஒருமுறை எண்ணிப் பார்க்கலாம்.

வெப்பமும் புழுக்கமும்

வெயிலுக்கு அடுத்துக் கவனிக்க வேண்டியது ஈரப்பதம். நம் உடல் வெப்பத்தை வெளியேற்றும் வழிகளில் வெயில் காலத்தில் முதன்மையானது வியர்வை ஆவியாவதுதான். காற்று உலர்ந்திருந்தால் வியர்வை தானே ஆவியாகிவிடுகிறது. கடற்கரை ஊர்களில் காற்று ஏற்கெனவே ஈரத்தைச் சுமந்திருப்பதால் வியர்வை உடலிலேயே தங்கிவிடுகிறது. அதையே புழுக்கம் என்கிறோம். வெப்பமானியில் ஒரே அளவு காட்டும் நாளில் மதுரையில் இருப்பவர் வெயிலைக் குறை சொல்வதும், சென்னையில் இருப்பவர் கசகசப்பைக் குறை சொல்வதும் இதனால்தான்.

புழுக்கத்துக்கு ஒரே மருந்து காற்றோட்டம். வினாடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் காற்று மேலே பட்டால், வெப்பநிலை சுமார் மூன்று டிகிரி குறைந்தது போன்ற உணர்வு கிடைக்கிறது. ஆகவே ஈரமான கடற்கரையில் வீட்டுக்குள் காற்று புகுந்து வெளியேற வழி வேண்டும். புகும் வழி, வெளியேறும் வழி என்று இரண்டு சொன்னேன். இந்த இரண்டாவதைத்தான் பெரும்பாலானோர் மறந்துவிடுகிறார்கள். ஒரே ஒரு பெரிய சன்னல் உள்ள அறைக்குள் காற்று அவ்வளவாக வருவதில்லை, ஏனெனில் உள்ளே இருக்கும் காற்று போக இடமில்லை. எதிரெதிர்ச் சுவர்களில் உள்ள இரண்டு சிறிய சன்னல்கள் அதைவிட மேல். அவையும் நாம் உட்காரும், படுக்கும் உயரத்தில் இருந்தால்தான் காற்று உடலில் படும்.

உலர்ந்த உள்நாட்டில் கணக்கு வேறு. அங்கே பகல் காற்றே அனலாக வீசுகிறது. அதை உள்ளே விடுவது நன்மையில்லை. பகலில் சன்னல்களைச் சாத்தி வைத்து, வெப்பத்தைச் சுவர் உள்ளே கடத்தாமல் பிடித்துவைக்க, இரவில் எல்லாவற்றையும் திறந்து வீட்டை ஆறவிடுவதே அங்கே பொருந்தும். தடித்த மண்சுவரும் செங்கற்சுவரும் இந்த வேலையைச் செய்கின்றன. ஒன்பது அங்குலச் செங்கற்சுவரின் வெளிப்புறத்தில் ஏறும் வெப்பம் உட்புறத்தை எட்ட ஆறேழு மணி நேரம் ஆகிறது. நண்பகல் வெயில் மாலை சாய்ந்த பிறகே உள்ளே உறைக்கிறது; அதற்குள் வெளிக்காற்று குளிர்ந்துவிட்டால் சன்னலைத் திறந்து அதை வெளியேற்றிவிடலாம். ஆனால் பகலுக்கும் இரவுக்கும் இடையில் வெப்பநிலை நன்றாக இறங்கும் ஊர்களில்தான் இந்த உத்தி பலிக்கும். மே மாத இரவிலும் காற்று குளிராத கடற்கரையில் தடித்த சுவர் பகலில் வாங்கிய வெப்பத்தை இரவு முழுவதும் திருப்பித் தந்துகொண்டிருக்கும். ஆண்டு முழுவதும் ஈரமும் வெப்பமும் மாறாத மலாய் நிலத்தில் பழைய வீடுகள் மரத்தூண்களின்மேல் உயர்த்தி, மெல்லிய பலகைச் சுவரும் ஓலைக்கூரையும் கொண்டு கட்டப்பட்டதற்கு இதுவே காரணம். வெப்பத்தைச் சேர்த்துவைக்க அந்த வீட்டில் கனமான பொருள் எதுவும் இல்லை. சூரியன் மறைந்ததும் வீடும் ஆறிவிடுகிறது, தரைக்கு அடியிலும் காற்று ஓடுகிறது.

தமிழ்நாட்டின் பெரும்பகுதி இவ்விரு நிலைகளுக்கும் நடுவே, மாதத்துக்கு மாதம் இடம் மாறிக்கொண்டிருக்கிறது. பாலக்காட்டுக் கணவாய் வழியாகத் தென்மேற்குக் காற்று தடையின்றி வரும் பொள்ளாச்சிப் பக்கத்து வீட்டுக்கும், அந்தக் காற்று எட்டும்போது அனலாகிவிடும் கிழக்கு மாவட்டத்து வீட்டுக்கும் ஒரே வரைபடம் பொருந்தாது. சென்னையிலேயே கோடையில் பிற்பகலுக்குமேல் தென்கிழக்கிலிருந்து கடற்காற்று புகுந்துவிடுவதால், கடலோரத்தில் இருப்பவரின் மாலைப்பொழுதும் இருபது கிலோமீட்டர் உள்ளே இருப்பவரின் மாலைப்பொழுதும் ஒன்றாக இருப்பதில்லை.

கூரைதான் வீடு

வெப்பமண்டலத்தில் வெயிலை மிகுதியாக வாங்குவது கூரைதான். ஆண்டின் பெரும்பகுதி சூரியன் உச்சியை ஒட்டியே நிற்பதால் சுவர்களைவிட அதன்மேல்தான் நேர்வெயில் பல மணி நேரம் விழுகிறது. மழைக்காலத்தில் முதலில் அடி வாங்குவதும் அதுவே. வீட்டின் செலவில் ஒரு பகுதியைக் கூடுதலாக ஒதுக்க முடியுமென்றால், அதை முகப்புக்கு ஒதுக்காமல் கூரைக்கு ஒதுக்குங்கள் என்பதே இந்தக் கட்டுரையாளரின் உறுதியான கருத்து.

பழைய கூரைகள் எல்லாவற்றிலும் காற்று அடைந்திருந்தது. தென்னங்கீற்றும் பனையோலையும் அடுக்கடுக்காக வேயப்படும்போது ஓலைகளுக்கு இடையே சிக்கிக்கொள்ளும் காற்று வெப்பத்தைத் தடுக்கிறது. ஓலை எளிதில் தீப்பிடிக்கும், கீற்றை அடிக்கடி மாற்ற வேண்டும். ஆனால் குளிர்ச்சியில் அதை விஞ்சும் கூரை குறைவு. நாட்டு ஓட்டை ஒன்றன்மேல் ஒன்றாகக் கவிழ்த்தும் மல்லாத்தியும் அடுக்குவார்கள். ஓடுகளின் வளைவுக்குள் காற்று நிற்கிறது, ஓட்டுக்கும் ஓட்டுக்கும் இடையிலுள்ள இடுக்குகள் வழியாக உள்ளிருக்கும் சூடான காற்று கசிந்து வெளியேறுகிறது. பாசல் மிஷன் என்னும் கிறித்தவ சமய அமைப்பு 1865இல் மங்களூரில் தொடங்கிய ஓட்டுத் தொழிற்சாலையிலிருந்து பரவிய தட்டையான ஓடே நாம் சீமை ஓடு என்று சொல்வது. எடை குறைவு, ஒன்றோடொன்று கவ்விக்கொள்ளும், விரைவாக வேயலாம் என்பதால் அது நாட்டு ஓட்டைப் பின்னுக்குத் தள்ளியது. மெல்லிய ஒற்றை அடுக்காக இருப்பதால் அதன் கீழே வெப்பம் நாட்டு ஓட்டைவிடச் சற்று மிகுதிதான்; அதனால்தான் பல வீடுகளில் சீமை ஓட்டின் அடியில் மரப்பலகை மச்சு அமைத்தார்கள். மச்சுக்கும் ஓட்டுக்கும் இடைப்பட்ட வெளி, சாமான் போட்டு வைக்கும் இடமாகவும் வெப்பத் தடுப்பாகவும் பயன்பட்டது.

நகரங்களில் மட்டப்பா என்னும் தட்டையான கூரை வந்தது. மெட்ராஸ் டெரஸ் என்று பெயர் பெற்ற முறையில் மர உத்திரங்களின்மேல் சிறிய செங்கற்களைச் சாய்கோணத்தில் நெட்டுக்குத்தாக நிறுத்திச் சுண்ணாம்புச் சாந்தால் பிணைத்து, அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து போட்டுக் கட்டையால் அடித்து இறுக்கி, முடிவில் தட்டோடு என்னும் தட்டையான சுட்ட ஓட்டைப் பதிப்பார்கள். கனமான இந்தக் கூரை வெப்பத்தை உள்ளே விட நெடுநேரம் எடுத்துக்கொள்கிறது. இதன் இடத்தைப் பிடித்த நான்கைந்து அங்குலக் கான்கிரீட் தளமோ நடுத்தரமான ஒரு பொருள்: வெப்பத்தை உறிஞ்சிச் சேர்க்கும் அளவுக்குக் கனமானது, அதை உள்ளே வராமல் தடுக்கும் அளவுக்குத் தடிப்பு இல்லாதது. மேல் மாடியில் படுப்பவருக்கு இரவு பத்து மணிக்கும் மின்விசிறி வெந்நீராவியைத் தள்ளுவது போலத் தோன்றுவதற்குத் தளத்தின் அடிப்பரப்பு வெளிவிடும் அந்த வெப்பமே காரணம். காற்று சூடாக இருப்பது ஒருபுறமிருக்க, தலைக்குமேல் உள்ள பரப்பே சூடாக இருந்து நம்மேல் வெப்பத்தை வீசுகிறது.

இதைச் சரிசெய்ய வழிகள் உண்டு. தளத்தின்மேல் வெள்ளையடித்தால் வெயிலின் பெரும்பகுதி திரும்பிப் போகிறது. இதுவே மிக மலிவானது, ஆனால் தூசும் பாசியும் படிந்ததும் மறுபடியும் அடிக்க வேண்டும். தட்டோட்டின் அடியில் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் சேர்ந்த படிவத்தை முறையாகப் போடுவது அடுத்தது. செலவைக் குறைக்க வேண்டுமென்று இதைத் தவிர்ப்பவர்கள் பிறகு அந்தப் பணத்தை மின்கட்டணமாகச் செலுத்துகிறார்கள். தளத்துக்குமேல் இடைவெளி விட்டு இன்னொரு மெல்லிய கூரை போட்டால் வெயில் மேல்கூரையோடு நின்றுவிடுகிறது. இடையில் ஓடும் காற்று வெப்பத்தைக் கொண்டுபோய்விடுகிறது.

முற்றத்தின் இரண்டு வேலைகள்

முற்றத்தைப் பற்றிப் பேசும்போது எல்லோரும் அது வீட்டைக் குளிர்விக்கிறது என்கிறார்கள். எப்படி என்பதைத் தெரிந்துகொண்டால்தான் எப்போது குளிர்விக்காது என்பதும் தெரியும். பகலில் முற்றத்துத் தரை சூடேறி, அதன்மேலுள்ள காற்று மேலெழும்பி வெளியேறுகிறது. அந்த இடத்தை நிரப்ப முன்வாசல் வழியாகவும் கொல்லைப்புறம் வழியாகவும் நிழலில் இருந்த காற்று உள்ளே இழுக்கப்படுகிறது. இரவில் முற்றமும் அதை நோக்கிச் சரியும் ஓட்டுக்கூரையும் திறந்த வானத்தை நோக்கி வெப்பத்தை விட்டு ஆறுகின்றன. குளிர்ந்து கனத்த காற்று முற்றத்துக்குள் இறங்கிச் சுற்றியுள்ள தாழ்வாரங்களுக்குப் பரவுகிறது. வானம் தெளிவாகவும் காற்று உலர்ந்தும் இருக்கும் இரவுகளில் இது நன்றாக நடக்கிறது. மேகம் மூடிய ஈர இரவில் மந்தமாகிவிடுகிறது. ஆக இரண்டு வேலைகளுக்கும் முற்றத்தின் வாய் திறந்திருக்க வேண்டும். அதைக் கண்ணாடியாலோ பாலிகார்பனேட் தகட்டாலோ மூடினால் வெயில் உள்ளே வரும், சூடான காற்று வெளியேறாது. வீட்டின் நடுவில் ஒரு கண்ணாடிக் குடிலை வைத்துக்கொள்வதற்கு ஒப்பானது அது. பாதுகாப்புக்காக மூடித்தான் ஆக வேண்டுமென்றால் இரும்புக் கம்பி போடலாம்; மழைக்காகத் தகடு போடுவதானால் அதை ஓரடியாவது உயர்த்தி, நான்கு பக்கமும் காற்று போக வழி விட வேண்டும்.

முற்றத்தின் அளவைத் தட்பவெப்பம் மட்டும் முடிவு செய்யவில்லை. வெயிலை மட்டும் கருதினால் முற்றம் சிறியதாகவும் ஆழமாகவும் இருப்பதே நல்லது, ஏனெனில் சுற்றுச்சுவர்களின் நிழல் தரையில் நெடுநேரம் விழும். காரைக்குடிப் பக்கத்து நாட்டுக்கோட்டை நகரத்தார் வீடுகளிலோ வளவு என்னும் முற்றப்பகுதி மிகப் பெரியது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து பர்மா, இலங்கை, மலேயா ஆகிய நாடுகளில் தொழில் செய்து ஈட்டிய பொருளைக் கொண்டு பர்மாத் தேக்கும் அயல்நாட்டுப் பளிங்கும் வரவழைத்துக் கட்டிய அந்த வீடுகள், ஒரு தெருவில் தொடங்கி மறுதெருவில் முடியும் நீளம் கொண்டவை. ஒரு வீட்டில் அண்ணன் தம்பிகளின் பல குடும்பங்களுக்கு உரிமை உண்டு. மணமான ஒவ்வொரு மகனுக்கும் வளவைச் சுற்றி அறை உண்டு. திருமணம், மணிவிழாவான சாந்தி, முன்னோர் வழிபாடான படைப்பு என்று எல்லாச் சடங்குகளும் வீட்டிலேயே நடந்ததால் சுற்றம் முழுவதும் அமரும் அளவுக்கு வளவு விரிந்தது. அவ்வாறு விரிந்ததால் உள்ளே நுழைந்த வெயிலை அகலமான தாழ்வாரங்களும், உயர்ந்த கூரையும், வெள்ளை மிளிரும் சுண்ணாம்புப் பூச்சுச் சுவர்களும், காலுக்குக் குளிர்ச்சி தரும் தரையும் சரிக்கட்டின. பண்பாடு கேட்டதைத் தட்பவெப்பம் மறுக்கவில்லை. கூடுதலாக ஒரு தாழ்வாரத்தை விலையாகக் கேட்டது. மழை மிகுதியில்லாத அந்த வறண்ட நிலத்தில் கூரைகளிலிருந்து வளவில் வடியும் மழைநீரைச் சேமித்ததும், மிஞ்சியதை வாய்க்கால் வழியே ஊருணிக்கு விட்டதும் இதே கணக்கின் இன்னொரு பகுதி.

நாலுகெட்டு என்னும் கேரளத்துப் பழைய வீட்டில் நிலைமை தலைகீழ். அங்கே ஆண்டு மழை ஏறக்குறைய 3,000 மில்லிமீட்டர். நடுமுற்றம் சிறிதாக இருக்கிறது. வடக்கினி, தெக்கினி, கிழக்கினி, படிஞ்ஞாற்றினி ஆகிய நான்கு கட்டுகளின் கூரைகள் அதை நோக்கிச் செங்குத்தாகச் சரிகின்றன. வெளிப்புறத்திலும் கூரையின் விளிம்பான இறவாரம் ஆள் உயரத்துக்குத் தாழ்ந்து இறங்கி, செம்பாறைக் கல்லால் ஆன சுவரைச் சாரலிலிருந்து காக்கிறது. தாழ்ந்த இறவாரம் மேகமூட்டமான வானத்தின் கண்கூசும் வெளிச்சத்தையும் மறைக்கிறது. கன்னியாகுமரி மாவட்டத்தில் உள்ள பத்மநாபபுரம் அரண்மனைக்குச் செல்பவர்கள், மரச்சட்டங்கள் நெருக்கமாக அமைந்த அதன் சுவர்களின் பின்னே நின்று இதை உடலால் உணரலாம்: வெளியிலிருப்பவருக்கு உள்ளே யார் நிற்கிறார் என்று தெரியாது, உள்ளிருப்பவருக்குத் தெரு தெரியும், காற்று மட்டும் தடையின்றி வந்துகொண்டே இருக்கும். மறைவும் காற்றும் ஒருசேரக் கிடைக்க வேண்டும் என்னும் தேவைக்கு இதைவிட நேர்த்தியான விடையை நான் கண்டதில்லை.

யாழ்ப்பாணத்து நாற்சார் வீடும் நடுவே முற்றம் கொண்டதுதான். ஆனால் அங்கே வளவு என்பது வீடு நிற்கும் மனை முழுவதையும் குறிக்கிறது; கிணறும் மரங்களும் அதற்குள் அடங்க, கிடுகு என்னும் பின்னிய தென்னங்கீற்றாலும் பனையோலையாலும் அடைத்த உயர்ந்த வேலி அதைச் சூழ்கிறது. பனை செழிக்கும் நிலமாதலால் கூரைச்சட்டங்கள் பனைமரத்தில் அமைந்தன. வேலியின் வாயிலில் சிறு கூரையோடு கூடிய சங்கடப்படலை வழிப்போக்கர்கள் நின்று இளைப்பாறும் இடமாக இருந்தது. தமிழ்நாட்டில் தெருவோடு ஒட்டிய திண்ணை செய்த வேலையை, மனையின் எல்லையில் அங்கே அது செய்தது.

வீட்டுக்குள் இடம்பெயர்தல்

பழைய வீடுகளைப் பற்றிய விளக்கங்களில் பெரும்பாலும் விடுபட்டுப்போவது, அந்த வீடுகளில் மனிதர்கள் எப்படி நடமாடினார்கள் என்பது. அறைக்கு ஒரு வேலை என்று அங்கே வரையறுக்கவில்லை. காலையில் நிழல் விழும் திண்ணையில் அமர்ந்தவர்கள் வெயில் ஏறியதும் வாசலை அடுத்த நடையான ரேழிக்கோ கூடத்துக்கோ நகர்ந்தார்கள். பிற்பகலில் வீட்டின் மிக உள்ளான, மிக இருண்ட பகுதியில் தலை சாய்த்தார்கள். மாலையில் முற்றத்தில் நீர் தெளித்துக் கதவுகளைத் திறந்துவிட்டார்கள். கோடை இரவில் பாயைச் சுருட்டிக்கொண்டு மொட்டை மாடிக்கோ திண்ணைக்கோ போனார்கள். கனமான கட்டில்கள் பெருகாத, பாயும் பலகையும் புழங்கிய வாழ்க்கைமுறை அந்த இடப்பெயர்ச்சியை எளிதாக்கியது. வீடு எல்லா அறைகளிலும் எல்லா நேரமும் குளிர்ச்சியாக இருக்கவில்லை. எந்த நேரத்திலும் ஏதோ ஓரிடம் குளிர்ச்சியாக இருந்தது. இன்று படுக்கையறை, படிப்பறை என்று ஒவ்வோர் அறையிலும் பொருள்களை நிலையாகப் பதித்துவிட்ட பிறகு, அந்த அறைகள் ஒவ்வொன்றும் இருபத்துநான்கு மணி நேரமும் இதமாக இருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறோம். எந்தக் கூரையும் முற்றமும் இயந்திரத்தின் துணையின்றி இந்த எதிர்பார்ப்பை நிறைவேற்றாது.

வீட்டுத் திட்டத்தில் புதைந்திருந்த பண்பாட்டில் கசப்பானவையும் இருந்தன. திண்ணை எல்லோருக்கும் திறந்தது என்று இன்று நெகிழ்ந்து பேசுகிறோம்; யார் திண்ணையில் அமரலாம், யார் தெருவிலேயே நிற்க வேண்டும், யார் அந்தத் தெருவுக்குள்ளேயே வரக்கூடாது என்பதைச் சாதி தீர்மானித்தது. ஆண்கள் காற்று வரும் முன்கட்டில் இருக்க, பெண்கள் புகை சூழ்ந்த பின்கட்டில் நாளின் பெரும்பகுதியைக் கழித்தார்கள். பழைய வரைபடத்தை இன்றைக்கு எடுத்துக்கொள்ளும்போது சமையலறைக்கு வீட்டின் நல்ல காற்றில் ஒரு பங்கைக் கொடுப்பது நாம் செய்ய வேண்டிய முதல் திருத்தம். சமையலறையின் திசையைப் பற்றியும் ஒரு சொல். தமிழ்நாட்டில் அக்கினி மூலையான தென்கிழக்கையும், கேரளத்தில் வடக்கையும் வடகிழக்கையும் அதற்கு உரியவையாக வைத்தார்கள். தென்மேற்குக் காற்று வீசும் நிலத்தில் வடகிழக்கில் எழும் புகை வீட்டுக்குள் வராமல் வெளியேறிவிடும். தென்கிழக்கிலிருந்து கடற்காற்று வரும் சென்னையிலோ, அக்கினி மூலைச் சமையலறையின் சூடும் வாசனையும் மாலையில் வீடு முழுவதும் பரவும். மனையின் காற்றை அறிந்த பிறகு சாத்திரத்தைத் திறப்பதே முறை.

இருபதாம் நூற்றாண்டின் முயற்சிகள்

கான்கிரீட்டைக் கொண்டும் இவற்றையெல்லாம் செய்ய முடியும் என்பதற்குப் புதுச்சேரியில் ஒரு சான்று நிற்கிறது. ஸ்ரீ அரவிந்தர் ஆசிரமத்தின் அன்பர்கள் தங்குவதற்காக ஆண்டனின் ரேமண்ட் என்னும் கட்டடக் கலைஞர் வடிவமைத்து, 1930களின் பிற்பகுதியில் கட்டத் தொடங்கிய கோல்கொண்ட் என்னும் விடுதி அது. அதன் நீண்ட பக்கங்கள் வடக்கையும் தெற்கையும் நோக்கியவை. ஒருபுறம் நடைவழி, மறுபுறம் ஒற்றை வரிசையில் அறைகள் என்பதால் காற்று கட்டடத்தின் குறுக்கே நேராக ஓடுகிறது. கண்ணாடிச் சன்னல்களுக்கு மாறாக, திருப்பி வைக்கக்கூடிய கிடைமட்டத் தகடுகள் சுவர் முழுவதும் இருக்கின்றன. வெயிலும் சாரலும் வரும்போது அவற்றைச் சாய்த்துக்கொள்ளலாம். அறைக்கதவுகள் தேக்குச் சட்டங்களால் ஆனவை, மூடியிருந்தாலும் காற்று புகும். கான்கிரீட் தளத்தின்மேல் வளைந்த கான்கிரீட் ஓடுகள் இடைவெளி விட்டு அடுக்கப்பட்டிருக்கின்றன. பத்மநாபபுரத்து மரச்சட்டச் சுவரும் நாட்டு ஓட்டின் காற்றிடைவெளியும் இங்கே வேறு பொருளில் மீண்டும் வேலை செய்வதைக் காணலாம். ஆனால் தோற்றத்தில் இது எந்தப் பழைய வீட்டையும் ஒத்திருக்கவில்லை.

இலங்கையில் கட்டடக் கலைஞர் மினெட் டி சில்வா 1950ஐ ஒட்டிய ஆண்டுகளில் கண்டியில் கட்டிய கருணாரத்ன இல்லத்தில் புதிய கட்டுமானத்தோடு உள்ளூர்க் கைவினைகளைச் சேர்த்தார். அவருக்குப் பின் இன்னொரு கட்டடக் கலைஞரான ஜெஃப்ரி பாவா, 1960களின் தொடக்கத்தில் பத்திக் (துணியில் மெழுகிட்டுச் சாயமேற்றும் கலை) கலைஞரான ஈனா டி சில்வாவுக்காகக் கொழும்பில் ஒரு வீடு கட்டினார். நகரத்தின் சிறிய மனையில் வீட்டை நடுவில் வைத்துச் சுற்றிலும் தோட்டம் விடும் ஆங்கிலேயர் காலத்துப் பங்களா வழக்கத்தைப் புரட்டி, மனையின் விளிம்பில் மதிலையும் அறைகளையும் நிறுத்தி, வெளியிடத்தை உள்ளே முற்றங்களாக மாற்றினார். நெருக்கமான நகரத்தில் மறைவும் காற்றும் வேண்டுவோருக்கு இன்றும் அந்த வரைபடம் வழிகாட்டும். நெளிந்த சிமெண்ட் தகட்டின்மேல் அரைவட்ட ஓட்டைப் பதிக்கும் அவருடைய கூரைமுறை, ஒழுக்கைத் தகட்டிடமும் வெயிலை ஓட்டிடமும் ஒப்படைத்தது.

திருவனந்தபுரத்தில் கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் செலவைக் குறைப்பதிலிருந்து தொடங்கினார். செங்கற்களை நெட்டாக நிறுத்தி நடுவே வெற்றிடம் விட்டுக் கட்டும் எலிப்பொறிக் கட்டு, நான்கில் ஒரு பங்கு செங்கல்லை மிச்சப்படுத்துவதோடு சுவருக்குள் காற்றையும் அடைத்து வைக்கிறது. கான்கிரீட் தளத்தின் அடிப்பகுதியில் சுமை தாங்காத இடங்களில் பழைய சீமை ஓடுகளை வைத்து வார்க்கும் அவருடைய தளம், சிமெண்டைக் குறைத்து வெப்பத்தையும் ஓரளவு தடுக்கிறது. செங்கற்களை விட்டுவிட்டு அடுக்கிய ஜாலிச் சுவர்கள் சன்னலின் வேலையைச் சன்னலின் விலையின்றிச் செய்கின்றன. கொசுவுக்கு அவை விடை சொல்லவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். வலை அடிக்காமல் இன்று யாரும் அதில் குடியிருக்க முடியாது.

அரை கிரவுண்டில் செய்யக்கூடியவை

இனி, 1,200 சதுர அடி மனையில் கட்டப்போகும் ஒருவர் இவற்றில் எதை எடுத்துக்கொள்வது? முதலில் மனையில் ஒரு கோடையின் மாலைப்பொழுதுகளில் நின்று காற்று எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது, எந்த அண்டைவீடு அதை மறிக்கிறது, மேற்கு வெயில் எங்கே விழுகிறது என்று பார்த்துக்கொள்ள வேண்டும். மேற்குப் பக்கத்தில் மாடிப்படி, குளியலறை, சாமான் அறை போன்றவற்றை நிறுத்தினால் அவை வெயிலை வாங்கிக்கொண்டு படுக்கையறைகளைக் காக்கும். முழு முற்றத்துக்கு இடமில்லாவிட்டால், மாடிப்படிக்கூண்டின் உச்சியில் மழை புகாத திறப்பு வைக்கலாம்; சூடான காற்று வெளியேறும் வழியாக அது பயன்படும். ஒவ்வோர் அறைக்கும் இரண்டு பக்கத் திறப்பு, மேல் தளத்துக்கு வெள்ளைப்பூச்சு அல்லது இரட்டைக் கூரை, வாசலில் ஆறடியாவது நிழல் என்பவற்றை வரைபடம் போடும் கட்டத்திலேயே கேட்டு வாங்க வேண்டும். சுவர் எழும்பிய பிறகு கேட்டால் அவை தனிச்செலவாக வரும்.

அடுக்குமாடி வீட்டில் குடியிருப்பவரால் திசையையும் கூரையையும் மாற்ற இயலாது. அவர் செய்யக்கூடியதில் மிகப் பயனுள்ளது, மேற்குச் சன்னலின் மறைப்பை உள்ளேயிருந்து வெளியே நகர்த்துவது. சன்னலுக்கு உட்புறம் தொங்கும் திரைச்சீலை, கண்ணாடியைக் கடந்து உள்ளே வந்துவிட்ட வெயிலைத்தான் தடுக்கிறது. அந்த வெப்பம் திரைக்கும் கண்ணாடிக்கும் இடையிலிருந்து அறைக்குள்ளேயே இறங்குகிறது. அதே சன்னலின் வெளிப்புறத்தில், சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி மூங்கில் தட்டியைத் தொங்கவிட்டால் வெயில் கண்ணாடியை எட்டுவதே இல்லை. குடியிருப்போர் சங்கம் முகப்பின் அழகு கெடுகிறது என்று மறுத்தால், பால்கனியில் கம்பி கட்டிச் சங்குப்பூக் கொடியோ மல்லிகையோ ஏற்றிவிடலாம். அதற்கு நாள்தோறும் நீரும், இலை அடர்த்தியாகும்வரை ஒரு பருவம் பொறுமையும் வேண்டும்.